சென்னைக் கடற்கரையில் நாலு நாள்: எங்கே போவது, என்ன சாப்பிடுவது?

தேனியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். பிப்ரவரி முதல் வாரம் குடும்பத்தோடு நாலு நாள் சென்னை வருகிறார்கள். கடலைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வருகிறார்கள். கூட வரும் அம்மாவுக்கு முழங்கால் வலி, சுத்த சைவம். அவருக்கும் மனைவிக்கும் மீன் என்றால் உயிர். பிள்ளைகள் இரண்டு பேர், ஏழு வயதும் பதினொன்றும். எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம், என்ன குடிக்கலாம், எதையெல்லாம் பார்க்கலாம், பிள்ளைகள் கடலில் குளிக்கலாமா என்பதுதான் கேள்வி.

முப்பது வருடமாகத் திருவல்லிக்கேணியில் இருக்கிறேன். வீட்டிலிருந்து நடந்தால் கடல் பத்து நிமிடம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில்: மெரினாவில் குளிக்காதீர்கள். முழங்கால் அளவு தண்ணீர்தானே என்று நினைக்க வேண்டாம். இங்கே கரை சட்டென்று சரியும். அலை திரும்பும்போது காலுக்கடியில் இருக்கும் மணலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். கல்லூரியில் படிக்கும்போது என்னோடு வந்த நண்பன் ஒருவன், நன்றாக நீச்சல் தெரிந்தவன், இடுப்பளவு தண்ணீரில் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவன், இரண்டு அலைக்குள் எங்களை விட்டு விலகிப் போய்விட்டான். நொச்சிக்குப்பத்து மீனவர் ஒருவர் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போய் அவனைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து யார் ஊரிலிருந்து வந்தாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன். காவல்துறையும் அங்கே குளிப்பதற்குத் தடை போட்டிருக்கிறது. பிள்ளைகள் கால் நனைக்கட்டும், நீங்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். குளிக்க ஆசைப்பட்டால் அதற்குக் கோவளம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது தங்குமிடம். நிறையப் பேர் கடல் என்றதும் மாமல்லபுரம் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலை, அதாவது ஈ.சி.ஆர். ஓரம் ரிசார்ட் தேடுவார்கள். ரிசார்ட்டுக்குள்ளேயே இருக்கப் போகிறீர்கள் என்றால் சரி. ஊரையும் பார்க்க வேண்டுமென்றால் பாதி நாள் காரிலேயே கழிந்துவிடும். நான் மயிலாப்பூரைத்தான் சொல்வேன். காரணம், சென்னையில் கடலை விடவும் கடலுக்குப் பின்னால் இருக்கிற தெருக்களில்தான் சாப்பாடும் கோயிலும் வாழ்க்கையும் இருக்கின்றன. விடிகாலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் கடல், நடுவில் அந்தத் தெருக்கள். நாலு நாளையும் இப்படிப் பிரித்துக்கொண்டால் வெயிலும் படாது, அம்மாவுக்கு மதியம் அறையில் படுக்கவும் நேரம் கிடைக்கும். இன்னொரு வசதி பறக்கும் ரயில். திருமயிலை ஸ்டேஷனில் ஏறினால் ஒரு பக்கம் கலங்கரை விளக்கம், திருவல்லிக்கேணி, சேப்பாக்கம் வழியாகப் பீச் ஸ்டேஷன். இன்னொரு பக்கம் அடையாறு ஆற்றைத் தாண்டித் திருவான்மியூர். மேம்பாலத்திலேயே போகிற ரயில் என்பதால் பிள்ளைகள் ஜன்னலை விட்டு நகர மாட்டார்கள். ஆனால் ஸ்டேஷன்களில் படி அதிகம். அம்மாவோடு போகும்போது மட்டும் ஆட்டோ பிடியுங்கள்.

முதல் நாள் விடிகாலையில் மெரினாவுக்குப் போய்விடுங்கள். நம் கடல் கிழக்குப் பக்கம். சூரியன் கடலிலிருந்து எழும், கடலில் மறையாது. சினிமாவில் பார்த்த அஸ்தமனத்தை எதிர்பார்த்து மாலையில் வந்து ஏமாந்தவர்கள் உண்டு. பிப்ரவரி தொடக்கத்தில் ஆறரை மணியை ஒட்டி உதயம். ஆறு மணிக்கே மணலில் இருந்தால் வானம் சாம்பலிலிருந்து செம்மைக்கு மாறுவதை முழுதாகப் பார்க்கலாம். அந்த நேரத்தில் கூட்டமில்லை, குப்பை நாற்றமில்லை, குதிரைக்காரர்கள் இல்லை. நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்களும், அருகம்புல் சாறும் கேழ்வரகுக் கூழும் விற்கிறவர்களும்தான் இருப்பார்கள். அந்தக் கூழை ஒரு சொம்பு வாங்கிக் குடியுங்கள். சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் தருவார்கள்.

மெரினாவின் மணல் அகலம் உங்களை மலைக்க வைக்கும். சில இடங்களில் சாலையிலிருந்து தண்ணீருக்கு 300 மீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். இந்த மணல் முழுவதும் ஒன்றரை நூற்றாண்டுக்குள் சேர்ந்தது. நம் கிழக்குக் கரையில் கடல் நீரோட்டம் வருடத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே மணலைத் தள்ளிக்கொண்டு போகும். 1870-களில் துறைமுகத்துக்குச் சுவர் கட்டத் தொடங்கியதும் அந்த மணல் தெற்கே தேங்கி நின்றுவிட்டது. மெரினா அகலமாகிக்கொண்டே வந்தது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் மணல் வரத்து நின்றதால் கடல் ஊரைத் தின்ன ஆரம்பித்தது. இன்று அங்கே கடற்கரை என்றால் பாறாங்கல் சுவர்தான். நாம் மெரினாவில் காலாற நடக்கும் மணல் அந்த மீனவக் குப்பங்கள் இழந்த மணல் என்பதை நினைக்காமல் என்னால் அங்கே நடக்க முடிவதில்லை. பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள், பெரியவனுக்கு நிச்சயம் புரியும். மேலே சாலையோரம் இருக்கிற நடைபாதையை உருவாக்கியவர் கவர்னர் கிராண்ட் டஃப், 1880-களில். மெரினா என்ற பெயரும் அவர் வைத்ததுதான்.

இவ்வளவு மணலில் அம்மா எப்படி நடப்பார் என்று கவலைப்படுவீர்கள். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மாற்றுத்திறனாளிகளுக்காக மணலுக்கு மேல் மரப்பலகைப் பாதை ஒன்று போட்டிருக்கிறார்கள். தண்ணீருக்குப் பக்கம் வரை போகும். 2022-ல் திறந்த உடனேயே மாண்டஸ் புயலில் சேதமாகி, மறுபடி சரிசெய்தார்கள். சக்கர நாற்காலியிலும் போகலாம், மெல்ல நடந்தும் போகலாம். வாழ்நாள் முழுக்கக் கடலைத் தூரத்திலிருந்தே பார்த்த வயதானவர்கள் அந்தப் பாதையின் முடிவில் நின்று அலையைப் பார்ப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கட்டாயம் அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

அதே விவேகானந்தர் இல்லத்தையும் பார்த்துவிடலாம். வட்ட முகப்போடு இருக்கிற அந்தக் கட்டடத்தை எங்கள் தெருப் பெரியவர்கள் இன்னமும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் சொல்வார்கள். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேமித்து வைக்க 1842-ல் கட்டியது. கப்பலில் வந்த ஐஸை இறக்கி வைக்கத் தோதாகக் கடல் அன்று அந்த வாசலுக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கும் என்று அங்கே நின்று பார்த்தாலே புரியும். விவேகானந்தர் 1897-ல் இங்கே தங்கினார்.

வெயில் ஏறியதும் கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டுத் திருவல்லிக்கேணிக்குள் வந்துவிடுங்கள். ரத்னா கஃபே 1948-லிருந்து இருக்கிறது. இட்லி கேளுங்கள். இரண்டு இட்லியைத் தட்டில் வைத்துவிட்டுச் சாம்பாரை வாளியிலிருந்து ஊற்றுவார்கள். போதும் என்று சொல்லும் வரை ஊற்றுவார்கள், இட்லி மூழ்கிவிடும். இட்லியைச் சாம்பாரில் தொட்டுச் சாப்பிட்டுப் பழகியவர்கள் முதலில் தயங்குவார்கள். ஸ்பூனால் உடைத்து, ஊறவிட்டு, பாயசம் மாதிரி அள்ளிச் சாப்பிட வேண்டும். அப்புறம் ஒரு ஃபில்டர் காபி.

பார்த்தசாரதி கோயில் அங்கிருந்து கூப்பிடு தூரம். பல்லவர் காலத்திலிருந்து இருக்கிற கோயில், மூலவர் வேங்கடகிருஷ்ணனுக்கு மீசை உண்டு. உற்சவர் முகத்தில் இருக்கிற வடுக்களை, பாரதப் போரில் பீஷ்மர் விட்ட அம்பு பட்ட தழும்பு என்று சொல்வார்கள். தரிசனம் முடிந்து துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் இருக்கிற பாரதியார் இல்லத்துக்கும் போங்கள். பாரதி கடைசியாக வாழ்ந்த வீடு. பெரிய ஏற்பாடெல்லாம் கிடையாது, கால் மணி நேரத்தில் பார்த்துவிடலாம். ஆனால் அந்தத் திண்ணையைத் தாண்டி உள்ளே போகும்போது எனக்கு இன்றும் தொண்டை அடைக்கிறது.

மதியம் உங்கள் இருவருக்கும் மீன் சாப்பாடு வேண்டுமென்றால் சேப்பாக்கத்தில் நாயர் மெஸ். சின்ன சந்துக்குள் இருக்கிறது, ஒரு மணிக்கு மேல் போனால் வரிசையில் நிற்க வேண்டும். சோறு, மீன் குழம்பு, பக்கத்தில் ஒரு வஞ்சிரம் வறுவல், அவ்வளவுதான். பன்னிரண்டரைக்கே போய்விடுங்கள்.

மாலையில் மறுபடி மெரினா. இது முழுக்க வேறு மெரினா. பலூன் சுடுகிற இடம், ராட்டினம், குதிரை, கூட்டம், எண்ணெய்ச் சட்டிகளின் புகை. இங்கே சாப்பிட வேண்டியது முதலில் சுண்டல். தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் என்று சின்னப் பையன்கள் தூக்கில் வைத்துக்கொண்டு மணலில் கூவிக்கொண்டு வருவார்கள். ஊறவைத்து அவித்த பட்டாணி. குழைந்திருக்கக் கூடாது, விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும், தோல் கழன்று வரக் கூடாது. மேலே துருவிய தேங்காயும் பொடியாக நறுக்கிய பச்சை மாங்காயும். காகிதப் பொட்டலத்தில் போட்டு, அள்ளிச் சாப்பிட ஒரு துண்டு அட்டையைச் செருகித் தருவார்கள். இளஞ்சூடு, உப்பு, புளிப்பு, முகத்தில் அடிக்கிற உப்புக் காற்று. வீட்டில் அதே சாமானை வைத்து எத்தனை முறை செய்தாலும் எனக்கு அந்த ருசி வந்ததில்லை.

பஜ்ஜிக் கடையில் ஒரே விதிதான். எண்ணெயிலிருந்து இப்போது எடுத்ததை மட்டும் வாங்குங்கள். தட்டில் அடுக்கி வைத்திருப்பதைத் திரும்பச் சட்டியில் போட்டுச் சூடுபண்ணித் தருவார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மிளகாய் பஜ்ஜிதான் மெரினாவின் அடையாளம். அம்மாவுக்கு வாழைக்காய் பஜ்ஜி. வறுத்த மீன் கடைகளிலும் அப்படித்தான், சிவப்பு மசாலா தடவி வரிசையாக வைத்திருப்பது கண்ணைப் பறிக்கும். ஆள் நிறைய நின்று சாப்பிடுகிற கடையாகப் பாருங்கள், அங்கேதான் மீன் தங்காது. நெத்திலி, சங்கரா, கடம்பா மூன்றும் அங்கே நன்றாக இருக்கும். வஞ்சிரம் கேட்டால் விலையை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

விலை விஷயத்தில் எனக்கே ஒரு அனுபவம். சில வருடங்களுக்கு முன்னால் கடலோரச் சாலையில் ஒரு பெரிய உணவகத்துக்கு உறவினர்களோடு போனேன். மெனு கார்டில் மீனுக்கு நேரே விலை இல்லை, எடைக்கு ஏற்ப என்று மட்டும் இருந்தது. கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு இரண்டு மீன் சொல்லிவிட்டேன். பில் வந்தபோது மொத்தச் சாப்பாட்டுக்கும் நான் நினைத்திருந்த தொகை அந்த இரண்டு மீனுக்கே ஆகியிருந்தது. மீனைத் தட்டில் கொண்டுவந்து காட்டும்போதே எடை என்ன, எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிட வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாம் நாள் மயிலாப்பூர். காலை ஏழு மணிக்குள் அருண்டேல் தெரு ராயர் மெஸ்ஸில் இருங்கள். சந்துக்குள் சின்ன இடம், காத்திருக்கும் ஆட்கள் வாசலில் நிற்பார்கள். இட்லி, பொங்கல், வடை என்று நாலைந்து அயிட்டம்தான். ஆனால் அங்கே தரும் கெட்டிச் சட்னி இருக்கிறதே, அதற்காகவே அடையாற்றிலிருந்தும் அண்ணா நகரிலிருந்தும் வருகிறார்கள். தண்ணீர் விட்டு இளக்காமல், பச்சை மிளகாய்க் காரத்தோடு அரைத்தது. இரண்டாவது முறை கேட்டால் முகம் சுளிக்காமல் வைப்பார்கள். மினி வடையைச் சுடச்சுட அந்தச் சட்னியில் தோய்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். தாமதமாகப் போனால் தீர்ந்துவிடும்.

அங்கிருந்து கபாலீஸ்வரர் கோயில். பழைய கோயில் கடற்கரையை ஒட்டி இருந்தது, போர்ச்சுக்கீசியர் காலத்தில் அழிந்தது, இப்போது இருப்பது அதற்குப் பிறகு இங்கே எழுந்தது என்பது வரலாறு. நீங்கள் வரும் நாட்கள் தைப்பூசத்தை ஒட்டி அமைந்தால் தெப்பத் திருவிழா மூன்று நாள் நடக்கும். குளத்துப் படியில் உட்கார்ந்து விளக்கொளியில் தெப்பம் சுற்றுவதைப் பார்ப்பதற்கு ஈடாக இந்த ஊரில் வேறு காட்சி கிடையாது. பஞ்சாங்கத்தைப் பார்த்து, முடிந்தால் பயணத் தேதியையே ஒன்றிரண்டு நாள் தள்ளி வையுங்கள்.

கோயிலைச் சுற்றி மாட வீதிகளில் நடந்தாலே பொழுது போய்விடும். கற்பகாம்பாள் மெஸ்ஸில் அம்மாவுக்குப் பிடித்ததெல்லாம் கிடைக்கும். கீரை வடை, அடை அவியல், பாதாம் அல்வா. காளத்தி கடை ரோஸ்மில்க்கைப் பற்றி யாராவது ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். பத்திரிகை விற்கிற சின்னக் கடை. வெயிலில் கோயிலை விட்டு வெளியே வந்து அந்தச் சில்லென்ற டம்ளரைக் கையில் வாங்கிப் பாருங்கள். பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஜன்னல் கடை என்று ஒன்று உண்டு. பெயர்ப்பலகைக்கு அவசியமே இல்லாமல், ஒரு வீட்டு ஜன்னல் வழியாகவே பஜ்ஜியும் பொங்கலும் கொடுத்துப் பெயர் வாங்கிய கடை. தெருவில் நின்றபடி சாப்பிட வேண்டும். அம்மாவுக்குச் சிரமம் என்றால் நீங்கள் மட்டும் போய்ப் பொட்டலம் கட்டி வாங்கி வாருங்கள்.

சாந்தோம் பேராலயம் நடக்கும் தூரம்தான். இயேசுவின் சீடர் தோமையாரின் கல்லறை மேல் எழுந்த ஆலயம். போர்ச்சுக்கீசியர் கட்டியதை எடுத்துவிட்டு இப்போதைய வெள்ளைக் கோபுர ஆலயத்தை 1896-ல் கட்டி முடித்தார்கள். கல்லறை இருக்கிற நிலவறைக்குத் தனி வழி இருக்கிறது, அமைதியாக இருக்கும். அதற்குப் பின்புறமே கடல். கொஞ்சம் வடக்கே வந்தால் கலங்கரை விளக்கம், லிஃப்டில் மேலே போகலாம், திங்கட்கிழமை விடுமுறை. மேலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் மணல், இன்னொரு பக்கம் தென்னைகளுக்கு நடுவில் கோபுரங்கள். 1970-களில் இது கட்டப்படும் வரை ஊருக்குக் கலங்கரை விளக்கமாக இருந்தது உயர் நீதிமன்றக் கட்டடத்தின் கோபுர உச்சிதான்.

லூப் ரோட்டில் நொச்சிக்குப்பம் மீன் அங்காடியை மட்டும் தவற விடாதீர்கள். முன்பு சாலையோரத்திலேயே பலகை போட்டு விற்றார்கள், இப்போது கட்டடம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஃபைபர் படகுகள் காலையில் கரை திரும்பியதும் மீன் அங்கே வந்துவிடும். விற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒரு அக்கா அருவாமனையில் உட்கார்ந்து கிழங்கானைச் செதில் எடுத்து, வயிற்றைக் கீறி, தலையைக் கிள்ளி எறிகிற வேகத்தைப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள், ரத்தச் சிவப்பாக இருந்தால் புது மீன், பழுப்பாக இருந்தால் ஐஸில் கிடந்தது. கண் துருத்திக்கொண்டு பளபளப்பாக இருக்க வேண்டும். சமையலறையோடு அறை எடுத்திருந்தால் வாங்கி நீங்களே குழம்பு வைத்துவிடலாம், எந்த ஹோட்டலும் அதற்குப் பக்கத்தில் வராது. இன்னும் பெரிய மீன் சந்தை பார்க்க ஆசை என்றால் காசிமேடு. விடிவதற்கு முன்பே ஏலம் ஆரம்பித்துவிடும், ஞாயிற்றுக்கிழமை கால் வைக்க இடமிருக்காது. தரை ஈரமும் வழுக்கலுமாக இருக்கும், அம்மாவையும் சின்னவளையும் அங்கே கூட்டிப் போக வேண்டாம்.

இதைப் படிக்கிற வேறு யாராவது கோடையில் வரத் திட்டமிட்டால் ஒரு விஷயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது, மீன்களின் இனப்பெருக்கக் காலத்துக்கான தடை. அப்போது பெரிய மீன் குறைவு, விலை ஏறும். அந்த மாதங்களில் நுங்கும் பதநீரும்தான் இந்த ஊரின் விருந்து. அக்டோபரிலிருந்து டிசம்பர் பாதி வரை வடகிழக்குப் பருவமழை, கடல் கோபமாக இருக்கும். காணும் பொங்கலன்று மெரினாவில் தலைகள்தான் தெரியும், மணல் தெரியாது. மார்கழியில் வந்தால் கச்சேரிகள் நடக்கும் சபாக்களின் கேன்டீன்களில் இலை போட்டுச் சாப்பாடு கிடைக்கும். பல இடங்களில் கச்சேரி டிக்கெட் இல்லாதவர்களும் போய்ச் சாப்பிடலாம். ஆனால் ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் நீங்கள் தேர்ந்தெடுத்த பிப்ரவரிதான் நல்ல மாதம்.

மூன்றாம் நாள் ஈ.சி.ஆர். கார் பேசிக்கொண்டு ஆறு மணிக்கே கிளம்புங்கள். நேராக மாமல்லபுரம் போய்விட்டு, திரும்பும் வழியில் மற்றவற்றைப் பார்ப்பதுதான் சரியான முறை. எல்லோரும் வழியில் நின்று நின்று போய், உச்சி வெயிலில் கருங்கல் மேல் வெறுங்காலோடு நிற்பார்கள். காலை எட்டு மணிக்குக் கடற்கரைக் கோயிலில் வெளிச்சம் பக்கவாட்டில் விழும், காற்றில் தேய்ந்த சிற்பங்களின் விளிம்பெல்லாம் தெரியும். ராஜசிம்ம பல்லவன் கட்டியது, 1984-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அர்ச்சுனன் தபசுப் பாறையில் பிள்ளைகளை ஒரு காலில் நின்று தவம் செய்யும் பூனையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பெரிய யானையின் பக்கத்தில், எலிகள் சுற்றி நிற்க, கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஐந்து ரதங்களுக்கு நடை கொஞ்சம் அதிகம், அம்மா அதுவரை நிழலில் உட்காரட்டும்.

திரும்பும் வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணை, 1976-லிருந்து இருக்கிறது, சின்னவளுக்குப் பிடிக்கும். அடுத்தது கோவளம். சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்கு உலக அளவில் தருகிற நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை அங்கே இருக்கிறது. உடை மாற்ற அறை, கழிப்பறை, உயிர்காப்பாளர் எல்லாம் உண்டு. அவர்கள் காட்டும் எல்லைக்குள் பிள்ளைகள் குளிக்கட்டும், நீங்களும் கூடவே இறங்குங்கள். மீனவக் குப்பத்து இளைஞர்கள் அலைச்சறுக்கு கற்றுக்கொடுக்கிற ஊர் அது. பதினொரு வயதுப் பையனுக்கு நீச்சல் தெரிந்தால் ஒரு மணி நேர வகுப்பில் சேர்த்துவிடுங்கள், பலகை மேல் ஒருமுறை எழுந்து நின்றுவிட்டால் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டான்.

முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. எனக்கு இந்தச் சாலையிலேயே மிகவும் பிடித்த இடம். நாலு தென் மாநிலங்களின் பழைய வீடுகளை இடிபடுவதற்கு முன் பிரித்து எடுத்து வந்து, அப்படியே திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டின் முற்றத்தில் அம்மா உட்கார்ந்து விட்டாரென்றால் கிளம்ப மனம் வராது. செவ்வாய்க்கிழமை விடுமுறை, அதைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள். வழியெங்கும் டிகிரி காபி என்று பித்தளை டம்ளர் படத்தோடு பலகைகள் வரும். பெயரைப் பார்க்காதீர்கள், உள்ளே டிகாக்‌ஷன் புதிதாக இறங்கியிருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் குடியுங்கள். பழைய டிகாக்‌ஷனைச் சூடுபண்ணினால் கசப்புதான் நிற்கும்.

அன்று இரவு, அது வார இறுதியாக அமைந்தால், நீங்களும் பெரியவனும் மட்டும் ஒரு காரியம் செய்யலாம். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட நம் கரைக்கு வரும். மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்புக் குழு 1988-லிருந்து இரவுகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடந்து அந்த முட்டைகளைத் தேடி எடுத்துப் பாதுகாக்கிறது. வார இறுதிகளில் பொதுமக்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள், முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டும். நள்ளிரவு, டார்ச் அடிக்கக் கூடாது, சத்தம் கூடாது. ஆமை வரலாம், வராமலும் போகலாம். எனக்கு மூன்றாவது முறைதான் வந்தது. பின்னங்கால் இரண்டாலும் மாற்றி மாற்றிப் பானை வடிவில் குழி தோண்டி, நூறு முட்டைக்குப் பக்கம் இட்டு, மணலை மூடி, உடம்பாலேயே தட்டிச் சமப்படுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போய்விட்டது. முட்டைகளை ஏன் எடுத்துப் போகிறார்கள் என்றால், குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம் போகும். முன்பு இருட்டில் கடல்தான் மின்னியது. இப்போது தெருவிளக்கு மின்னுகிறது, குஞ்சுகள் சாலைக்கு வந்து சாகின்றன.

நாலாம் நாளை மெதுவாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் அடையாறு தியசாபிகல் சொசைட்டி. பெரிய ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989-ல் விழுந்துவிட்டது, ஆனாலும் விழுதுகள் மரமாகி நிற்கின்றன. பார்வை நேரம் குறைவு, ஞாயிறு விடுமுறை, முந்தைய நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். பிறகு பெசன்ட் நகர். எலியட்ஸ் பீச் மெரினாவை விடச் சின்னது, மணல் குறைவு, அம்மாவுக்கு நடை மிச்சம். அங்கே நிற்கும் வெள்ளை வளைவு கார்ல் ஷ்மிட் என்ற டேனிஷ் மாலுமியின் நினைவுச் சின்னம். 1930-ல் மூழ்கிக்கொண்டிருந்தவரைக் காப்பாற்றப் போய் உயிரை விட்டவர். குளிக்காதீர்கள் என்று நான் சொன்னதை அந்தக் கல்லும் சொல்கிறது. அஷ்டலட்சுமி கோயிலில் அடுக்கடுக்காகப் படி ஏற வேண்டும், முழங்காலுக்கு ஆகாது. வேளாங்கண்ணி ஆலயம் சமதளம். முருகன் இட்லிக் கடை மதுரைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தெரிந்ததுதான், மூன்று நாள் வெளிச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா அங்கேதான் நிம்மதியாகச் சாப்பிடுவார். பழக்கடையில் சாத்துக்குடி ஜூஸ் கேட்கும்போது ஐஸ், சர்க்கரை வேண்டாம் என்று சொல்லி வாங்குங்கள். மணலில் உட்கார்ந்து பீர் குடிக்கலாமா என்று சிலர் கேட்பார்கள், பொதுக் கடற்கரைகளில் கூடாது, போலீஸ் பிடிக்கும்.

இரவு ரயில் சென்ட்ரலிலிருந்து என்றால் பெட்டிகளை ஸ்டேஷன் க்ளோக் ரூமில் வைத்துவிட்டு, ஆறு மணி வாக்கில் பீச் ஸ்டேஷன் எதிரே வாருங்கள். அங்கே தள்ளுவண்டிகளில் அத்தோ விற்பார்கள். 1960-களில் பர்மாவிலிருந்து உடுத்திய துணியோடு திரும்பிய நம் தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. கடைக்காரர் மஞ்சள் நூடுல்ஸை ஒரு கிண்ணத்தில் போட்டு, நறுக்கிய முட்டைக்கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, புளித்தண்ணீர், எண்ணெய், மிளகாய்த்தூள், நொறுக்கிய தட்டை எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தருவார். பக்கத்தில் சுடச்சுட வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைக் கீறி உள்ளே வறுத்த வெங்காயத்தையும் புளித்தண்ணீரையும் வைத்துத் தருவது முட்டை மசாலா, ஒரே வாயில் போட வேண்டும். காரம் குறைவாக என்று பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

அம்மாவுக்கு அங்கே ஒத்துவராது. சௌகார்பேட்டை ஐந்து நிமிட ஆட்டோ. மின்ட் தெருவில் காக்கடா ராம்பிரசாத் கடையில் சுடு ஜிலேபியும் பாதாம் பாலும், என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் கடையில் நெய் வழியும் பொடி ஊத்தப்பமும். ஊத்தப்பம் கல்லிலிருந்து வர நேரமாகும், எட்டு மணிக்குள் சொல்லிவிடுங்கள். அங்கிருந்து சென்ட்ரலுக்குத் தூரம் ஒன்றுமில்லை, ஆனால் அந்தத் தெருக்களில் மாலை நெரிசல் கடுமை. ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போதே ஆட்டோவில் ஏறிவிடுங்கள்.